கிளிஞ்சல் மேடு சொல்லும் கதை



நிபோங் திபால் என்று நாள்தோறும் சொல்கிறோம். அதன் பொருள் தெரியுமா? நிபோங் என்பது கண்டல் காட்டை ஒட்டி, உப்புநீர் எட்டும் சேற்று நிலத்தில் வளரும் ஒருவகைப் பனை. திபால் என்றால் அடர்த்தி. நாம் வாழும் மண் கடலோடு உறவுடையது என்பதற்கு ஊர்ப்பெயரே சாட்சி.

இன்னொரு சாட்சி இதே செபராங் பிறையின் வடக்கே, மூடா ஆற்றுக்கு அருகில் உள்ளது. குவார் கெப்பா என்பது அதன் பெயர். கெப்பா என்பது ஒருவகை மட்டி. குவார் என்றால் மேடு. பண்டை மக்கள் தின்று எறிந்த மட்டி ஓடுகள் அங்கே மேடுகளாகக் குவிந்திருந்தன. 1860-இல் ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் என்ற ஆங்கிலேயர் அவற்றைத் தோண்டி ஆராய்ந்தார். 1934-இல் மீண்டும் அகழ்ந்தார்கள். 2017-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அங்கே ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தனர். ‘பினாங்குப் பெண்’ என்று அழைக்கப்படும் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ 5,700 ஆண்டுகளுக்கு முன்பு.

இன்று அந்த இடத்திலிருந்து கடல் சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அவ்வளவு மட்டியையும் தலைச்சுமையாகவா கொண்டு வந்தார்கள்? இல்லை. அன்று கடலே அருகில் இருந்தது!

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகம் குளிர்ந்திருந்தது. கடல்நீரில் ஒரு பகுதி வடநாடுகளில் பனிக்கட்டியாக உறைந்து கிடந்தது. கடல்மட்டம் இன்றைவிட சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாயாவிலிருந்து சுமத்ராவுக்கு நடந்தே போகலாம். பூமியின் சுற்றுப்பாதையும் சாய்வும் மெல்ல மாறியதால் வெப்பம் கூடியது, பனி உருகியது, கடல் ஏறியது. ஐயாயிரம், ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் கரையில் இன்றைய மட்டத்தையும் தாண்டிச் சில மீட்டர் உயர்ந்து, பிறகு மெல்லப் பின்வாங்கியது.

இப்போது கடல் மறுபடி ஏறுகிறது. 1900-க்குப் பிறகு உலகில் சராசரியாக ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. இம்முறை காரணம், நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் விடுகின்ற கரியமில வாயு. அன்றைய மக்கள் குடிசையைப் பிரித்துக்கொண்டு மேட்டுக்குப் போயிருக்கலாம். வீடு, பள்ளி, கோயில், செம்பனை எல்லாவற்றையும் தாழ்நிலத்தில் ஊன்றிவிட்ட நாம் எங்கே போவது?

ஒரு வருத்தமும் உண்டு. குவார் கெப்பா ஓடுகளில் பெரும்பகுதியைச் சுண்ணாம்புக்காக அள்ளி எரித்துவிட்டார்கள். பூமி எழுதி வைத்த கணக்கேட்டில் பல பக்கங்கள் அப்படியே சாம்பலாயின. ஆகவே, வடிகால் தோண்டும்போது களிமண்ணில் மட்டி ஓடு தென்பட்டால் வீசி எறியாதீர்கள். பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள். ‘இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்திருக்கலாம், ஆசிரியரிடம் கேட்டு வா’ என்று சொல்லி அனுப்புங்கள்.