காப்புக்காடும் இசைவுச்சீட்டும்

கொற்றலையாறு கடலொடு கலக்குமிடத்தே அமைந்தது முகத்துவாரக்குப்பம். இதனருகே ஓடும் பக்கிங்காம் கால்வாய், 1806-இல் காக்ரேன் என்பாரால் சென்னையினின்று எண்ணூர்வரை வெட்டத் தொடங்கப்பெற்றது. பின்னாளில் ஸ்ரீஅரிக்கோட்டைக் காட்டு விறகு இவ்வழியே படகேறிச் சென்னை அடுப்புகளை அடைந்தது.

காட்டில் விறகு வெட்டுதற்கு யாருடைய இசைவு வேண்டும்? 1871-இல் சென்னை வருவாய் வாரியம், இம்மாகாணத்துக் காடுகள் பெரும்பாலும் ஊரெல்லைக்குள் அடங்குவன. அவற்றில் ஊரார்க்கு உரிமையுண்டு எனக் கருதிற்று. வழக்காற்றையே உரிமையாகக் கொண்ட கருத்து இது. பதினோராண்டில் நிலை மாறியது. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம், காப்புக்காட்டினுள் இசைவின்றி நுழைதல், ஆடுமாடு மேய்த்தல், மரம் வெட்டல், கல்லெடுத்தல், வேட்டையாடல் ஆகியவற்றைத் தடுத்தது. குறித்த காலத்துள் உரிமை கோராதார் அதனை இழந்தனர். அறிவிப்பு வட்டார மொழியில் வெளிவந்ததே எனலாம். அதனைப் படிக்க வல்லார் எத்துணையர் என்பது சட்டம் வினவாத வினா.

காட்டுவாழ்நர்க்கு வரலாற்று அநீதி நேர்ந்ததென 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தன் முகவுரையிலேயே ஒப்புகிறது. எனினும் 1882-ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்நாட்டில் இன்றும் வழங்குகிறது. வாணிகம் நாடிக் காடு புகுவோர்க்கேயன்றி, வழிபட வருவோர்க்கும் காட்டுவிதி உண்டு. பொதிகைக் காட்டின் சொரிமுத்தய்யனார் கோயிலுக்கு ஆடியமாவாசையில் தலைமுறையாக வரும் அடியாரும், வனத்துறை வகுக்கும் எல்லைக்குட்பட்டே தங்குகின்றனர்.