அலுமாரியும் லாச்சியும்

வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ உள்ள ஒரு பழைய வீட்டின் சாமான்களைப் பெயர் சொல்லி அடுக்கிப் பாருங்கள்: கதிரை, மேசை, அலுமாரி, லாச்சி, யன்னல். ஒன்றுகூடத் தமிழில் பிறந்த சொல் இல்லை. லாச்சி ஒல்லாந்தரிடமிருந்து வந்தது, மற்ற நான்கும் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சொற்கள் போர்த்துக்கல்லில் என்னவாக இருந்தன, அங்கே எப்படி வந்தன என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் வாயாடி வாயாடிப் பதில் சொல்லக்கூடியது அலுமாரிதான்.

முதலில் ஒரு எழுத்துக் கணக்கு. இன்றைய போர்த்துக்கேய அகராதியில் இந்தச் சொல் 'அர்மாரியு'. அங்கே ரகரம், நம்மிடம் லகரம். தமிழ் வாய் திரித்த திரிபு என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் திரிபு நடந்தது ஐரோப்பாவிலேயே. லத்தீன் மூலம் 'அர்மாரியும்'. ஒரு சொல்லுக்குள் இரண்டு ரகரம் வந்தால் முதலாவதை லகரமாக நழுவ விடுவது அங்குள்ள பேச்சு வழக்கம். இடைக்கால லத்தீன் ஏடுகளிலேயே 'அல்மாரியும்' என்று எழுதியிருக்கிறார்கள். செக் மொழியில் இன்றும் அது 'அல்மாரா'. ஒஸ்திரியக் கிராமத்து ஜெர்மனில் 'அல்மர்'. ஆங்கிலேயரின் பழைய தேவாலயங்களில் சுவருக்குள் பதித்த மாடத்துக்கு 'ஓம்ப்ரி' என்று பெயர். அதுவும் இதே குடும்பம். போர்த்துக்கேயரும் 'அல்மாரியு' என்றுதான் பேசினார்கள். பிறகு லத்தீன் படித்தவர்களின் ரகரம் மேலோங்கி, லகரம் நாட்டுப்புற வழக்காகிவிட்டது. அதற்குள் கப்பல்கள் புறப்பட்டுவிட்டன. கொங்கணி, இந்தி, சிங்களம், மலாய் எல்லாவற்றிலும் லகரமே இருக்கிறது. கோவாவில் பிறந்த பாதிரியார் செபஸ்தியாவோ தல்காதோ, ஆசிய மொழிகளில் ஏறிய போர்த்துக்கேயச் சொற்களைத் திரட்டி 1913 இல் ஒரு பெருநூலாகவே போட்டார். லகரத்துக்கும் மகரத்துக்கும் நடுவே ஓர் உயிரைச் செருகியது மட்டும்தான் தமிழின் வேலை. தமிழ்நாட்டார் அகரத்தைச் செருகி அலமாரி என்றார்கள். நாங்கள் உகரத்தைச் செருகினோம்.

லத்தீனில் 'அர்மா' என்றால் ஆயுதம், கருவி. உரோமருக்கு அர்மாரியும் என்பது கருவி வைக்கும் கதவுப்பெட்டி. அதற்குள் காசும் வைத்தார்கள், உணவும் வைத்தார்கள், ஏட்டுச் சுருள்களும் வைத்தார்கள். கிறிஸ்தவ மடங்களில் கடைசி வகை வென்றுவிட்டது. இடைக்காலத்து மடத்தில் அர்மாரியும் என்றால் புத்தகம் இருக்கும் இடம்; அதைக் காக்கும் துறவிக்கு 'அர்மாரியுஸ்' என்று பதவிப்பெயர். ஆயுதச் சொல் எப்படி ஏட்டுக்குப் போனது என்று ஐரோப்பிய ஆய்வாளருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். நவராத்திரி முடிவில் அரிவாளையும் பாக்குவெட்டியையும் கொப்பி புத்தகத்தையும் ஒரே மேசையில் அடுக்கிச் சந்தனம் தொட்டு வைக்கிற வீட்டுக்காரருக்கு அது தேவைப்படாது.

அந்த அர்மாரியுஸ் என்ன செய்தார்? 11ஆம் நூற்றாண்டில் கன்ரபெரிப் பேராயர் லான்ஃபிராங்க் தன் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்குமுறையில் ஒரு காட்சி இருக்கிறது. தவக்காலத் தொடக்கத்தில் மடத்துப் புத்தகங்களையெல்லாம் மண்டபத்துக்குக் கொண்டுவந்து கம்பளத்தில் பரப்பி வைக்க வேண்டும். போன வருடம் யார் யார் எதை எடுத்தார்கள் என்ற பட்டியல் வாசிக்கப்படும். ஒவ்வொருவரும் தன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று பெற வேண்டும். வாசித்து முடிக்காதவர் எல்லோர் முன்னிலையிலும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆளுக்கு வருடத்துக்கு ஒரு புத்தகம்! இப்படிப்பட்ட நூலகம் முழுவதும் ஓர் அலுமாரிக்குள் அடங்கியதில் வியப்பில்லை. சிஸ்டேர்சியத் துறவிகளின் மடங்களில் அது தனிச் சாமானாகக்கூட நிற்கவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில், உள்முற்றத்து நடைபாதையின் கற்சுவரைக் குடைந்து, கதவு போட்ட மாடமாக இருந்தது. எங்கள் வீடுகளின் சுவரலுமாரி மாதிரியே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் உருவத்தை ஏறத்தாழ கி.பி. 700 இல் இங்கிலாந்தில் எழுதிய ஒரு விவிலியப் பிரதியில் காணலாம். இப்போது ஃபுளோரன்ஸ் நகரில் இருக்கும் அமியாத்தினுஸ் பிரதி அது. மறைநூல் வல்லுநர் எஸ்ரா குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் இரண்டு கதவுகளும் விரியத் திறந்த அலுமாரி. தட்டுகளில் ஒன்பது புத்தகங்கள். ஒன்றும் நிமிர்ந்து நிற்கவில்லை, எல்லாம் படுத்திருக்கின்றன. தோலும் மரப்பலகையும் சேர்த்துக் கட்டிய பாரமான புத்தகங்களை அப்படித்தான் வைக்க முடிந்தது. படத்தை விட்டு மரத்துக்கு வந்தால், பிரான்சில் ஒபசீன் மடத்துக் கோயிலில் 12ஆம் நூற்றாண்டு ஓக் மர அலுமாரி ஒன்று இன்றும் நிற்கிறது. தடித்த பலகைகள், மேலே வளைந்த கதவுகள், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டிகள். நொயோன் தேவாலயத்தில் உள்ளது கொஞ்சம் பிந்தியது, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கதவுகளில் புனிதர்களையும் வானதூதர்களையும் வரைந்திருக்கிறார்கள். புத்தகம் பெருகப் பெருக மடங்கள் அலுமாரியை விட்டுத் தனி அறைக்குப் போயின. புத்தகங்களைச் சாய்மேசையில் சங்கிலியால் பிணைத்தார்கள். நெதர்லாந்தில் சுற்ஃபென் நகரத்துத் தேவாலய நூலகத்தில் சங்கிலிகள் இன்னும் அப்படியே தொங்குகின்றன.

அந்த இடைக்காலத்துச் சாதாரண ஐரோப்பிய வீட்டில் அலுமாரி இருந்திருக்கும் என்று நினைக்கக்கூடாது. அங்கே பெட்டகம்தான் ராசா. இத்தாலியில் கலியாணப் பெண்ணோடு சித்திரம் தீட்டிய பெட்டகம் போனது. பிரபுக்கள் ஒரு மாளிகையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சாமான் முழுவதும் பெட்டகங்களில் ஏறி வண்டியில் போனது. போர்த்துக்கேயத்தில் தளபாடத்துக்கு 'மோவெல்' என்கிறார்கள், அசைகிற பொருள் என்று அர்த்தம். அசையாமல் நின்றவை மடத்து அலுமாரியும் கோயில் அலுமாரியும்தான். ஏனென்றால் மடமும் கோயிலும் இடம் மாறுவதில்லை.

யாழ்ப்பாணத்து வீடுகளிலும் கதை அதுவே. பெட்டகம் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. பேழை, பெட்டி, பெட்டகம் என்று சொல்லுக்கும் பஞ்சமில்லை. போர்த்துக்கேயர் கப்பலில் 'ஆர்கா' என்ற பெட்டகத்தைத்தான் ஆளுக்கொன்றாகச் சுமந்து வந்தார்கள். ஆனால் ஆர்கா தமிழுக்குள் வரவில்லை, வர இடமில்லை. கதவு திறந்து தட்டுத்தட்டாக அடுக்குகிற, நிமிர்ந்து நிற்கிற பொருளுக்கு நம்மிடம் பெயர் இருக்கவில்லை. அதனால் அலுமாரி என்ற சொல் நுழைந்தது. இல்லாத பொருளுக்குத்தான் இரவல் சொல் என்று விதி சொல்லலாமோ என்று பார்த்தால் திறப்பு குறுக்கே நிற்கிறது. பூட்டும் திறப்பும் தமிழ்நாட்டிலும் இருந்தவைதான். ஆனாலும் அவர்கள் போர்த்துக்கேயரின் 'சாவி'யை எடுத்துக்கொண்டார்கள். கதிரையையும் யன்னலையும் தயங்காமல் வாங்கிய நாங்கள் திறப்பை மட்டும் கொடுக்கவில்லை. இதற்குக் காரணம் கண்டுபிடிப்பது என் வேலையில்லை.

யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு அலுமாரி என்ற சொல் எந்த வாசலால் வந்தது? 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டில் ஊர்காவற்றுறை 'ஊராத்துறை'யாக இருக்கிறது. அப்போதே யானையும் குதிரையும் கொண்டுவரும் பிறநாட்டுக் கப்பல்களுக்கு அங்கே சட்டம் இருந்தது. யானை ஏற்றிய அந்தத் துறையைப் போர்த்துக்கேயர் 'காய்ஸ்' என்றார்கள், கப்பல்மேடை என்று பொருள். அதுதான் கயிற்ஸ். நெடுந்தீவை மாட்டுத்தீவு என்றார்கள். 1619 இல் பிலிப்பே தெ ஒலிவேரா யாழ்ப்பாண அரசைப் பிடித்ததும் ஊருக்கு ஊர் கோயில் எழும்பியது. கத்தோலிக்கக் கோயிலில் பூசை உடுப்பும் பாத்திரமும் பூசைப் புத்தகமும் வைக்க ஓர் அலுமாரி இல்லாமல் முடியாது. கோட்டைக்குள் சிப்பாயோடு வந்த சொல் என்பதைவிட, கோயிலின் பின்னறையிலிருந்து வெளியே வந்த சொல் என்றே எனக்குத் தோன்றுகிறது. இது ஊகம். ஆனால் ஐரோப்பியப் புத்தகமும் படத்தாளும் இதற்கு முன்பே இலங்கைக் கைவினைஞர் கையில் புழங்கின என்பதற்குச் சாட்சி உண்டு. 1540களில் கோட்டே இராச்சியத்து அரசன் ஏழாம் புவனேகபாகு லிஸ்பனுக்கு அனுப்பிய தந்தப் பேழைகள் இன்று மியூனிக்கில் இருக்கின்றன. அதே நூற்றாண்டில் இங்கே செதுக்கிய தந்தப் பேழை வேலைப்பாட்டில் பைக்குழல் ஊதுகிற ஒருவன் மரத்தில் சாய்ந்து நிற்கிறான். அவன் ஜெர்மன் ஓவியர் டூரர் 1514 இல் அச்சிட்ட படத்திலிருந்து நேரே இறங்கி வந்தவன். தந்தம் செதுக்கியவர் முன்னால் அந்தத் தாள் விரிந்து கிடந்திருக்க வேண்டும்.

1658 இல் ஒல்லாந்தர் வந்தார்கள். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலில் நின்ற போர்த்துக்கேயர் கோட்டைக்கு ஹமன்ஹீல் என்று பெயர் மாற்றினார்கள். பன்றித்தொடையின் குதி என்று அர்த்தம். பசியோடு தேசப்படம் பார்த்திருப்பார்கள் போல. தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரைச் சூட்டினார்கள். வேலணை லைடன், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ற். கோயில்களைத் தங்கள் சபைக்கு மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் நாட்டு அலுமாரிக்கு 'காஸ்ற்' என்று பெயர், ஓர் அறையையே அடைக்கும் அளவுக்குப் பெரியது. அந்தச் சொல் இங்கே ஒட்டவில்லை, அலுமாரி அந்த இடத்தில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. ஆனால் அதற்குள் இழுத்துத் திறக்கிற சின்னப் பெட்டியை அவர்கள் 'லாச்சே' என்றார்கள். அது லாச்சியாகத் தங்கிவிட்டது. பழைய மடத்து அலுமாரிகள் கதவும் தட்டுமாகவே இருந்தன. இழுப்பறைகள் ஐரோப்பிய வீடுகளில் பரவலாகப் பெருகியது 16, 17ஆம் நூற்றாண்டுகளில். ஆகவே உடம்புக்குப் போர்த்துக்கேயப் பெயரும், பிறகு சேர்ந்த உறுப்புக்கு ஒல்லாந்துப் பெயருமாக, எங்கள் அலுமாரி தச்சர்கள் செய்த வரிசையையே பேசுகிறது.

புத்தகத்துக்கென்று பிறந்த பொருள், புத்தகத்தை நீண்ட காலம் இங்கே காணவில்லை. ஏட்டுச்சுவடி நீளமும் ஒடுக்கமுமானது. இரண்டு சட்டத்துக்கு நடுவில் வைத்து நூலால் சுற்றிப் பெட்டியில் போடலாம், பரணில் செருகலாம், அடுப்புப் புகை படும் இடத்தில் வைத்தால் பூச்சியும் அண்டாது. தட்டு அதற்கு வேண்டியதே இல்லை. அலுமாரி பட்டுச்சேலைக்கும் உறுதிப்பத்திரத்துக்கும் பீங்கான் கோப்பைக்கும் வீடாயிற்று. மானிப்பாயில் அமெரிக்க மிசனும், 1849 இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலரும் அச்சியந்திரம் ஓட்டிய பிறகுதான் கட்டிய புத்தகம் வீட்டுக்குள் வந்தது. நிமிர்த்தி வைக்கப் புத்தக அலுமாரி தேவைப்பட்டது. ஒபசீனில் விட்ட உறவு இங்கே மீண்டும் ஒட்டியது.

தீவில் அலுமாரி வைத்திருப்பவருக்குப் பாடு அதிகம். உப்புக்காற்றில் பிணைச்சல் துருப்பிடித்துக் கதவு தொங்கும். மழைக்கு லாச்சி ஊதி இறுகிக்கொள்ளும். மெழுகுதிரியைத் தேய்த்துத்தான் இழுக்க வேண்டும். கறையானுக்குப் பயந்து நான்கு காலையும் தண்ணீர் ரின்னுக்குள் நிறுத்தியவர்கள் உண்டு. 1990, 91 இல் தீவுச்சனம் இடம்பெயர்ந்தபோது வள்ளத்தில் ஏறியவை பெட்டியும் பையும்தான். அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள்.

ஊர்காவற்றுறைக்கு அருகில் கரம்பனில் 1913 இல் பிறந்த ஒருவர் ஐரோப்பாவின் பழைய புத்தக அலுமாரிகளை வேறொரு காரணத்துக்காகத் தேடிப் போனார். தனிநாயகம் அடிகள். லிஸ்பனில் 1554 இல் தமிழை உரோமன் எழுத்தில் போட்டு அச்சிட்ட சமயச் சிறுநூலைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். அன்ராவ் தெ புரோவென்சா தொகுத்து 1679 இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ் - போர்த்துக்கேய அகராதியின் பிரதி வத்திக்கானில் இருந்தது. அதைப் படியெடுத்து 1966 இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். போர்த்துக்கேயச் சொல் தமிழுக்குள் வந்த காலத்தை ஆராய்பவர் எவரும் இந்த இரண்டு நூல்களையும் தாண்டிப் போக முடியாது.

இப்போது புது வீடு கட்டுகிறவர்கள் அலுமாரி செய்விப்பதில்லை, சுவரோடு சேர்த்துக் 'கபேட்' அடிக்கிறார்கள். நவீனமான பெயர் என்று நினைப்பு. ஆனால் ஆங்கிலத்தில் அது கோப்பை வைக்கும் பலகை. இடைக்காலத்துப் பிரபுவின் விருந்து மண்டபத்தில் வெள்ளிப் பாத்திரங்களை நாலுபேர் பார்க்கும்படி அடுக்கி வைத்த, கதவே இல்லாத தட்டு. பிறகுதான் கதவு வந்தது.