கொச்சியின் ஆவணங்கள்: மூன்று ஆட்சிகள், மூன்று காப்பகங்கள்

இன்றைய கொச்சி நகரத்தின் பழைய அரசு ஆவணங்கள் ஓரிடத்தில் இல்லை. சென்னை எழும்பூர், எறணாகுளம், திருவனந்தபுரம் என மூன்று ஊர்க் காப்பகங்களில் அவை பிரிந்து கிடக்கின்றன. 1949க்கு முந்தைய எல்லைகளே இதற்குக் காரணம். ஃபோர்ட் கொச்சி சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. மட்டாஞ்சேரியும் எறணாகுளமும் கொச்சி மன்னருக்கு உரியவை. இடப்பள்ளி, களமசேரி, ஆலுவா ஆகியவை திருவிதாங்கூரின் பகுதிகள். சில மைல் தொலைவுக்குள் மூன்று அரசுகள் தனித்தனியே வரி வாங்கின, வழக்குத் தீர்த்தன, கணக்கு எழுதின. ஏடுகளும் அந்தந்தத் தலைநகரத்துக்கே போய்ச் சேர்ந்தன.

இவற்றுள் பழமையும் செறிவும் உடையது எழும்பூரில் உள்ள டச்சுத் தொகுதி. 1663 ஜனவரியில் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சிக் கோட்டையைப் பிடித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1795 அக்டோபரில் ஆங்கிலேயரிடம் அதை இழக்கும்வரை எல்லாவற்றையும் எழுதி வைத்தது. மிளகு கொள்முதல், அரசர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து, நீதிமன்ற விசாரணை, சொத்துக் கைமாற்றம், உயில் என எதுவும் தாளுக்குத் தப்பவில்லை. பதவி விலகும் தலைமை அதிகாரி அடுத்து வருபவருக்காக நாட்டின் நிலையை விரிவாக எழுதிக் கொடுப்பதும் வழக்கம். இவற்றில் பலவற்றின் படிகள் கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பட்டாவியாவுக்கும் நெதர்லாந்துக்கும் கப்பலேறின. கொச்சி அலுவலகத்தின் ஏடுகளோ உள்ளூரிலேயே தங்கின. 1800இல் மலபார் பம்பாயின் பொறுப்பிலிருந்து சென்னை மாகாணத்துக்கு மாறியது. மலையாளக் கரையின் டச்சு ஏடுகள் பின்னாளில் சென்னைக்கு வந்து சேர்ந்தது அந்த ஆட்சித் தொடர்பால்தான்.

எழும்பூரில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சென்னை ஆவண அலுவலகம்தான் இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அதன் முதல் காப்பாட்சியர் ஹென்றி டாட்வெல். ஏடுகளை அச்சேற்றும் வேலை அதற்குச் சற்று முன்பே தொடங்கியிருந்தது. கொச்சியின் டச்சுத் தலைமை அதிகாரி ஸ்டைன் வான் கொலெனெஸ்ஸ 1743இல் எழுதிய குறிப்பு 1908இல் வெளிவந்தது. அதையும் ஆளுநர் அட்ரியான் மூன்ஸின் 1781ஆம் ஆண்டுக் குறிப்பையும் கலெட்டி, வான் டெர் புர்க், க்ரூட் ஆகிய மூவரும் ஆங்கிலத்தில் தந்த ‘மலபாரில் டச்சுக்காரர்’ 1911இல் வந்தது. கேரள வரலாற்றை எழுதியோருக்கு அது நெடுங்காலம் கைநூலாக இருந்தது. ஆனால் அச்சுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டவை ஆள்வோர் ஆள்வோருக்கு எழுதியவை. மன்னர்களின் பலமும் மிளகின் விலையும் அவற்றில் நிறைய உண்டு. அடிமை ஏலத்தில் நின்றவனின் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது.

அந்தப் பெயர்கள் நீதிமன்ற ஏடுகளிலும் கைமாற்றப் பத்திரங்களிலும் இருந்தன. டச்சுக் கொச்சியில் மனிதரை விற்பதும் வாங்குவதும் பதிவு செய்யப்பட்ட வணிகம். விற்றவர், வாங்கியவர், விலை ஆகியவற்றோடு விற்கப்பட்டவரின் பெயரும் வயதும் பல பத்திரங்களில் உண்டு. அங்கிருந்து நன்னம்பிக்கை முனைவரை அடிமைகள் கொண்டு செல்லப்பட்டனர். தப்பியோடியவர், திருட்டுப் பழி சுமத்தப்பட்டவர், கடத்தி விற்கப்பட்டதாக முறையிட்டவர் ஆகியோரின் வாக்குமூலங்கள் விசாரணை ஏடுகளில் பதிவாயின. எழுத்தரின் டச்சு மொழி வழியாக வந்தாலும் அவை அம்மக்கள் சொன்ன சொற்களுக்கு மிக அருகில் நிற்பவை. வரலாற்றாய்வாளர் மத்தியாஸ் வான் ரோஸம் முதலியோர் இவ்வழக்குகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டது 2020இல். ஆளுநரின் குறிப்பு அச்சான பின் அடிமையின் சொல் அச்சேற நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ஆவணத்தைத் திறப்பது என்பதில் எதை முதலில் திறப்பது என்ற தேர்வும் அடங்கியிருப்பதை இந்த இடைவெளி உணர்த்துகிறது.

அதுவரை தாள் பிழைத்திருந்தது பெரிய காரியம். இரும்புச் சத்துள்ள பழைய மை காலப்போக்கில் தாளையே அரித்துவிடும். கடற்கரை ஈரமும் பூச்சியும் மிச்சத்தைத் தின்னும். நைந்த ஏடுகளை மெல்லிய தாளோ துணியோ ஒட்டி வலுப்படுத்துவது காப்பகங்களில் நாள்தோறும் நடக்கும் வேலை. டச்சுக் கம்பெனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. சென்னைத் தொகுதியும் அதில் அடங்கும். அத்தொகுதியின் மின்னணுப் படிகள் ஹேக் நகரத்து நெதர்லாந்து தேசியக் காப்பகத்தின் பட்டியலில் ஏறியுள்ளன.

கொச்சி அரசின் சொந்த ஏடுகளுக்கு இவ்வளவு வெளிச்சம் விழவில்லை. அவற்றைப் பயன்படுத்தி சி. அச்சுத மேனோன் எழுதிய கொச்சி அரசுக் கையேடு 1911இல் வந்தது. ஆனால் அவர் அரசு ஏற்பாட்டில் எழுதியவர். குடிமகனுக்கு அந்த வாசல் உரிமையாகத் திறந்திருக்கவில்லை. 1949 ஜூலை 1ஆம் நாள் கொச்சியும் திருவிதாங்கூரும் இணைந்தன. 1956இல் கேரளம் பிறந்தது. இன்று கொச்சி அரசின் ஏடுகள் கேரள அரசு ஆவணக் காப்பகத்தின் எறணாகுளம் மண்டல அலுவலகத்தில் உள்ளன. திருவிதாங்கூர் அரசின் ஏடுகள் திருவனந்தபுரத்தில். இவற்றுள் ஓலைகளில் எழுதப்பட்டவை பழைய எழுத்துகளில் இருப்பதால் அவற்றைப் படிக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும்.

அரசு ஏட்டைக் காண்பது குடிமகனின் உரிமை என்பதை பிரான்ஸ் 1794இலேயே சட்டமாக்கியது. இந்தியாவின் பொது ஆவணச் சட்டம் வந்தது 1993இல். ஆவணத்தை முறைகேடாக அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது அது. ஆனால் மத்திய அரசுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் மட்டுமே அது பொருந்தும். மாநிலக் காப்பகங்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை. இருபதாண்டு கடந்த நிகழ்வுகள் பற்றிய தகவலை, சில விலக்குகள் நீங்கலாகத் தந்தாக வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அது மாநில அலுவலகங்களையும் கட்டுப்படுத்தும். களமசேரியில் ஒரு நிலத்தின் கதையையும் மட்டாஞ்சேரியில் ஒரு பண்டகசாலையின் கதையையும் சேர்த்து எழுத விரும்புபவருக்குச் சட்டம் மட்டும் போதாது, மூன்று காப்பகங்களையும் இணைத்து ஊர்ப்பெயரால் தேடத்தக்க ஒரே பட்டியலும் வேண்டும். பழைய எல்லைகள் மறைந்துவிட்ட நகரத்தில் அதைத் தொகுப்பது தமிழ்நாடும் கேரளமும் கூடிச் செய்ய வேண்டிய பணி.