ஐந்து விழுக்காடு யாருக்காக? பள்ளிக் கணினிகளில் எக்ஸ்ட்4 ஒதுக்கீடு: ஒரு மறுவாசிப்பு

எக்ஸ்ட்4 கோப்புமுறைமையை உருவாக்கும்போதே அதன் இடத்தில் 5 விழுக்காடு ரூட் பயனருக்கென ஒதுங்கிவிடுகிறது. சுழலும் வட்டுகளின் காலத்து மிச்சம் இது, இன்று வீண், சுழியாக்கிவிடலாம் என்ற கருத்தே மேலோங்கியிருக்கிறது. மூலங்களைக் கலந்து படித்ததால் வந்த முடிவு இது என்பது என் நிலைப்பாடு.

அவ்வாதத்தின் வேர் மக்கூசிக், ஜாய், லெஃப்லர், ஃபாப்ரி நால்வரும் 1984இல் வெளியிட்ட பெர்க்லி கோப்புமுறைமைக் கட்டுரை. காலியிட ஒதுக்கீட்டுக்கு அங்கே சொல்லப்படும் காரணம் வேகம்: வட்டு நிரம்பினால் ஒரு கோப்பின் தொகுதிகளை அருகருகே வைக்க வழியில்லை, செயல்வேகம் ஏறத்தாழப் பாதியாகும். எக்ஸ்ட்4 வழிவந்ததோ எக்ஸ்ட்3 வழியாக எக்ஸ்ட்2இலிருந்து. எக்ஸ்ட்2இன் வடிவமைப்பை விளக்கிய கட்டுரையில் கார்ட், சோ, ட்வீடி மூவரும் 5 விழுக்காட்டுக்குத் தரும் காரணம் வேறு: பயனர் நிரல்கள் வட்டை நிரப்பிவிட்டாலும் நிர்வாகி எளிதில் நிலைமையைச் சீர்செய்ய வேண்டும். எம்கேஇ2எஃப்எஸ் கையேடு துண்டாதலையும் சேர்த்துச் சொல்கிறது, அதையே முதலிலும் சொல்கிறது. ஆயினும் கையேட்டின் வரிசையைக் கொண்டு வடிவமைத்தவர்களின் நோக்கத்தை முடிவுசெய்ய இயலாது.

கேரளப் பள்ளிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கைட் குனு/லினக்ஸ் ஓடுகிறது. சூரியநெல்லி போன்ற தேயிலைத் தோட்டப் பகுதியின் கணினிக்கூடத்தில் பிள்ளைகள் பலர் ஒரே பயனர் கணக்கில் அனிமேஷனும் வீடியோவும் சேமிக்கிறார்கள் என்று கொள்வோம். 500 ஜிபி வட்டு முழுதும் ஒரே பார்ட்டிஷனாக இருந்தால் ஒதுக்கீடு ஏறத்தாழ 25 ஜிபி. பிள்ளைகளின் கோப்புகள் மீதி இடத்தை நிரப்பியதும் டிஎஃப் கட்டளை 100 விழுக்காடு நிரம்பியதாகக் காட்டும். ஆனால் பயன்பட்டதையும் எஞ்சியதையும் கூட்டினால் மொத்தம் வராது. விடுபடும் அந்த இடமே ஒதுக்கீடு. பிள்ளைகள் கடவுச்சொல் கொடுத்தாலும் லாகின் திரையே திரும்பத் திரும்ப வரக்கூடும். ரூட் சேவைகள் மட்டும் எழுதிக்கொண்டிருக்கும். ஆசிரியர் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், சூடோ வழியாகப் பழைய கோப்புகளை அகற்றலாம். பாதியில் நின்ற மென்பொருள் நிறுவலையும் முடிக்கலாம். மூணாறிலிருந்து மெக்கானிக் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கோப்பை அழிக்கக் காலியிடம் தேவையில்லையே என்பார்கள். சரிதான், பழுதைச் சரிசெய்வதென்பது அழிப்பதோடு முடிவதில்லை. ரூட் சேவைகளே ஒதுக்கீட்டைத் தின்றுவிடாதா என்ற ஐயமும் பெரிதன்று: சிஸ்டம்டி ஜர்னல் இயல்பிருப்பில் 4 ஜிபியைத் தாண்டுவதில்லை.

ஹோம் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் கதை மாறுகிறது. அங்கே காக்க வேண்டிய ரூட் சேவை எதுவும் இல்லை. ஒதுக்கீட்டை டியூன்2எஃப்எஸ் கொண்டு 1 விழுக்காடாகக் குறைக்கலாம், எஸ்எஸ்டி என்றால் சுழியாகவும் ஆக்கலாம். ரூட் பார்ட்டிஷனில் 5 அப்படியே நிற்கட்டும். எனவே விழுக்காட்டைத் தொடுமுன் பார்ட்டிஷன் பிரிப்பைப் பார்த்தாக வேண்டும். முன்னைய எழுத்துகள் வட்டு முழுவதற்கும் ஒரே விடை தேடியதால் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டன.