ஜாக்கெட்டுக்குப் புகழ், காலுக்குக் குளிர்: லெதர் ஓவர்பேண்ட்டின் கதை

குளிர்ல லாங் ரைடு போறோம்னா முதல்ல எல்லாரும் ஜாக்கெட்டைத்தான் தேடுறோம். காலுக்கு? "ஜீன்ஸ் போதும்டா". இந்த நினைப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு தேடினா, கதை அமெரிக்காவுக்குப் போகுது.

மோட்டார் சைக்கிள் வருவதற்கு முன்பே இந்தப் பிரச்சினையைச் சந்தித்தவர்கள் கௌபாய்கள். மெக்சிகோவின் முட்புதர்களில் குதிரையேறி மாடு மேய்த்தவர்கள், காலைக் காப்பாற்றிக்கொள்ளக் கட்டிய லெதர் கவசம்தான் பின்னாளில் 'சாப்ஸ்' ஆனது. ஆனா மொன்டானா, வயோமிங் மாதிரி வடக்குப் பகுதிகளில் முள்ளைவிடப் பெரிய எதிரி குளிர்காற்று. அதனால் அங்கே இரண்டு வகைகள் பரவின. ஒன்று, காலைக் குழாய் போல முழுக்க மூடும் 'ஷாட்கன் சாப்ஸ்'. இன்னொன்று, அங்கோரா ஆட்டுத்தோலை முடியோடு தைத்த 'வூலீஸ்'. இங்கதான் விஷயமே இருக்கு. லெதர் காற்றைத் தடுக்கும், அவ்வளவுதான். சூட்டைப் பிடித்து வைப்பது, முடிக்கு நடுவில் அசையாமல் நிற்கும் காற்று.

அடுத்து 1928. நியூயார்க்கில் இர்விங் ஷாட் என்பவர் பைக் ஓட்டுபவர்களுக்காக, ஜிப் வைத்த 'பெர்ஃபெக்டோ' லெதர் ஜாக்கெட்டைக் கொண்டு வந்தார். விலை ஐந்தரை டாலர். 1953-ல் 'தி வைல்ட் ஒன்' படத்தில் மார்லன் பிராண்டோ அந்த மாதிரி ஜாக்கெட்டோடு வந்ததும் அது உலகப் புகழ் பெற்றது. கால்ல என்ன போட்டிருந்தார்? ஜீன்ஸ்! நம்ம மனசுல பதிஞ்ச 'பைக்கர்' படம் அதுதான்.

ஆனா காற்றுக்கு சினிமா தெரியாது. 2001-ல் அமெரிக்காவும் கனடாவும் ஏற்றுக்கொண்ட விண்ட் சில் ஃபார்முலாவில் நான் போட்டுப் பார்த்தேன். 5 டிகிரி செல்சியஸ், 80 கி.மீ. வேகம்னா, மூடாத சருமத்துக்கு அது கிட்டத்தட்ட மைனஸ் 3. தொடையும் முழங்காலும் இந்தக் காற்றை நேரா வாங்குது. உடம்பு குளிர்ந்தால், உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற விரல்களுக்குப் போகும் ரத்தத்தை அது குறைத்துவிடும். அந்த விரல்தான் பிரேக் பிடிக்கணும்.

1983-ல் மினசோட்டாவின் டுலூத் நகரில் ஆண்டி கோல்ட்ஃபைன் 'ஏரோஸ்டிச்' நிறுவனத்தைத் தொடங்கினார. ஆபீஸ் டிரெஸ் மேலேயே மாட்டிக்கொண்டு போகும் நைலான் ரைடிங் சூட் அவர்களுடையது. மழையில் லெதர் ஊறிப்போகும், கனக்கும். இந்த சூட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. இருந்தாலும் ரோட்டில் விழுந்து உரசும்போது சட்டுன்னு கிழியாத நல்ல தடிமனான லெதருக்கு இன்னும் மவுசு இருக்கு.

அப்போ லெதர்தான் வேணும்னா எதைப் பார்க்கணும்? சாப்ஸ் பின்பக்கம் திறந்திருக்கும். குதிரைச் சேணத்துக்கு அது சரி, குளிர்கால ஹைவேக்கு சீட் மூடிய ஓவர்பேண்ட்தான் நல்லது. பூட்ஸைக் கழற்றாமல் மாட்ட, கணுக்காலிலிருந்து மேல் வரை பக்கவாட்டு ஜிப். ஜிப் வழியா காற்று புகாமல் இருக்க, அதற்குப் பின்னால் ஒரு மடிப்பு. உள்ளே தெர்மல் போட இடம் விட்டு, கொஞ்சம் லூசா வாங்குங்க. கம்பளி ஆட்டு முடி செய்த வேலையை இப்போ அந்தத் தெர்மல்தான் செய்யணும்.

கடைசியா, கடைக் கண்ணாடி முன்னாடி நின்னு மட்டும் முடிவு பண்ணாதீங்க. பைக்ல உட்கார்ற மாதிரி முழங்காலை மடக்கிப் பாருங்க. பேண்ட் மேலே ஏறி கணுக்கால் தெரிஞ்சா, அது உங்க சைஸ் இல்லை. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!