நால்வர் கட்டும் சுவர்

மாஜாங் என்னும் சீன ஆட்டத்தைக் கன்பூசியஸ் காலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் உண்டு. அதற்கு அத்தனை வயதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், ஷாங்காய், நிங்போ வட்டாரத்தில் அது உருவம் பெற்றது. அதற்கு முன் அங்கே புழங்கியது காகிதச் சீட்டு. ஒற்றைக் காசு, சரமாகக் கோத்த காசு, பதினாயிரம் என்று பணமே சீட்டின் சின்னம். இன்றைய காய்களில் உள்ள வட்டமும் மூங்கிலும் 'வான்' என்ற எழுத்தும் அந்தப் பணத்தின் வாரிசுகள்.

சீட்டு எப்படிக் காயானது? சென் யூமென் என்ற தங்கள் ஊர்க்காரரை நிங்போ மக்கள் காட்டுவார்கள். கப்பலில் காற்று சீட்டைப் பறக்கடித்ததால் மூங்கிலில் செய்துகொண்டார் என்பது அவர்கள் சொல்லும் கதை. கதையாகவே இருக்கட்டும். எலும்பையும் மூங்கிலையும் பொருத்திக் காய் செதுக்கத் தொடங்கியதும் ஆட்டத்தின் குணமே மாறியது.

சீட்டை ஒருவர் கலைத்துப் போட்டால் போதும். மற்றவர்கள் சும்மா இருப்பார்கள். 144 காய்களைக் கவிழ்த்துக் கலைக்க எட்டுக் கைகளும் இறங்க வேண்டும். மேசை முழுக்கக் கலகலவென்று சத்தம். பிறகு ஆளுக்குப் பதினெட்டுக் காய் நீளம், இரண்டு அடுக்கு என்று நாலு பக்கமும் சுவர் எழுப்ப வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இந்த வேலை உண்டு. கை வேலையில் இருக்க, வீட்டுக் கதை, ஊர்க் கதையெல்லாம் வந்துவிடும். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

ஆட்டம் நம் ரம்மிக்குச் சொந்தம். கையில் 13 காய். பதினான்காவது வந்து செட் சேர்ந்தால் வெற்றி. யாரோ எறிந்த காயை இன்னொருவர் "பொங்!" என்று கூவி எடுத்துக்கொள்வார். அடுத்தவரைக் கவனிக்காமல் ஆடவே முடியாது.

சீனாவின் சூசோ நகரில் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜோசப் பாப்காக், 1920இல் விதிகளை எளிதாக்கி ஆங்கிலத்தில் புத்தகம் போட்டார். ஆட்டம் அமெரிக்காவில் பைத்தியமாகப் பரவி அடங்கியது. அடங்கிய பிறகும் விடாமல் ஆடிய பெண்கள் 1937இல் நியூயார்க்கில் தேசிய மாஜாங் சங்கம் தொடங்கினார்கள். வெற்றி தரும் காய்ச் சேர்க்கைகளின் பட்டியலை அது ஆண்டுதோறும் மாற்றி வெளியிடுகிறது. பல வருடம் சேர்ந்து ஆடிய தோழிகளும் ஒவ்வோர் ஆண்டும் கூடி உட்கார்ந்து புதிதாகப் படிக்கிறார்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் மூன்று நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு உட்காருங்கள். பணம் வைக்காமல் ஆடுங்கள்.