புட்டியும் கலயமும்

காரைக்கால் சரித்திரம் எழுதுகிறவர்கள் கோட்டையைப் பற்றி எழுதுவார்கள். கவர்னர்களைப் பற்றி எழுதுவார்கள். தஞ்சாவூர் மராட்டிய ராஜா ஊரைக் கொடுப்பதாகச் சொல்லிப் பின்வாங்கியதையும், சந்தா சாகிபின் உதவியால் 1739-ல் பிரெஞ்சுக்காரர் அதை அடைந்ததையும், நடுவே இங்கிலீஷ்காரர் பிடித்ததையும், திருப்பிக் கொடுத்ததையும், கடைசியில் 1954 நவம்பர் முதல் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்ததையும் ஒழுங்காகச் சொல்லுவார்கள். அந்த இருநூற்றுச் சொச்சம் வருஷமும் அங்கே ஜனங்கள் என்ன குடித்தார்கள் என்று மட்டும் எழுதமாட்டார்கள். குடியைப் பற்றிப் பேசுவது மரியாதை இல்லை என்பது நம் எண்ணம். நான் இப்போது அந்த மரியாதைக் குறைவைச் செய்யப் போகிறேன். வாசகர்கள் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவரை அந்தப் பக்கத்தில் ‘சொல்தா’ என்பார்கள். அப்படி ஒரு பெரியவர் எனக்குப் பழக்கம். பிரான்ஸிலிருந்து வந்த உறவினர் கொடுத்ததாக ஒரு புட்டியைத் திறந்தார். மஸ்கதே என்ற வெள்ளை ஒயின். வெள்ளை என்று பெயரே தவிர, நிறம் என்னவோ இளம் வைக்கோல் நிறம்.

“கலங்கலாக இருக்கிறதே, ஐயா?” என்றேன்.

“வடிகட்டவில்லை, தம்பி. மருந்து போடாமல் தானாகப் புளித்தது. பயப்படாமல் குடியும்” என்றார்.

குடித்தேன். இனிப்பே இல்லை. முதலில் எலுமிச்சம்பழத்தின் கூர்மை. பிறகு மழை பெய்த கருங்கல்லின் வாசனை. கடைசியில் நாக்கு நுனியில் உப்புக் காற்றுப் பட்ட மாதிரி ஒரு சுவை. அது விளைந்த இடத்தைக் கேட்டபோது காரணம் புரிந்தது. லுவார் நதி கடலில் விழுகிற முகத்துக்கு அருகே, நாந்த் நகரத்தைச் சுற்றியுள்ள தோட்டங்கள். அடியில் பழைய பாறை. மேலே அட்லாண்டிக் காற்று. 1709-ம் வருஷத்துக் கொடும் பனியில் அந்தப் பிரதேசத்துக் கொடிகளெல்லாம் கருகிப் போயின. குளிரைத் தாங்கும் என்று பர்கண்டியிலிருந்து வந்த ஒரு திராட்சையை அங்கே பரப்பினார்கள். அதன் சொந்த ஊர் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. வந்த ஊரில் அது பெயர் எடுத்தது.

இதற்குப் பிரெஞ்சுக்காரர் ‘தெர்ருவார்’ என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். மண், சரிவு, காற்று, வெயில், அங்கே உழைக்கிறவனின் கைப்பழக்கம் எல்லாம் சேர்ந்து ஒரு பொருளுக்குத் தரும் குணம். இதைக் கேட்டு நாம் அதிசயப்பட வேண்டியதில்லை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்த நிலத்தின் தெய்வம், உணவு, மரம், பறவை, தொழில் எல்லாவற்றையும் கருப்பொருள் என்றும் தொல்காப்பியத்தில் வகுத்து வைத்தவர்கள் நாம். திணை என்ற சொல் நம்மிடம் இரண்டாயிரம் வருஷமாக இருக்கிறது. அவர்கள் தங்கள் சொல்லைச் சட்டமாக்கினார்கள். நாம் நம் சொல்லைப் பரீட்சைக்குப் பாடமாக்கினோம். வித்தியாசம் அவ்வளவுதான். 1935-ல் பிரான்ஸில் சட்டம் வந்தது. எந்த நிலத்தில், எந்தக் கொடியில், எந்த முறையில் செய்தால் இன்ன பெயரை வைக்கலாம் என்று வரையறுத்தார்கள். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் மஸ்கதேக்கும் அந்தப் பாதுகாப்புக் கிடைத்தது.

ஒயின் நம் கரைக்குப் புதிதல்ல. யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பொற்கலத்தில் அருந்தியதைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் நாட்டு மது ஜாடிகள் உடைந்து கிடைத்தன. அந்த ஜாடிகளின் உட்புறத்தில் பிசின் பூசுவது வழக்கம். கடல் தாண்டுகிற மதுவுக்கு ஏதேனும் ஒரு காப்பு வேண்டியிருந்தது. பின்னாளில் கந்தகப் புகை காப்பாயிற்று. 1860-களில், கெட்டுப்போகும் ஒயினைச் சூடுபடுத்திக் காப்பாற்றும் வழியைப் பாஸ்டர் கண்டார். இருபதாம் நூற்றாண்டிலோ ழ்யூல் ஷொவே என்ற போழொலே நாட்டு ரசாயன நிபுணர், கந்தகம் சேர்க்காமலும் நல்ல ஒயின் செய்யலாம் என்று காட்டினார். பழத்தோலிலும் நிலவறையிலும் இயற்கையாக உள்ள நுண்ணுயிரே அதைப் புளிக்க வைக்கும். நான் குடித்த கலங்கல் ஒயின் அந்த வழியில் வந்தது. விலையும் அதற்குத் தகுந்தாற்போல் அதிகம்.

“இதற்கு இத்தனை பிரமாதம் பண்ணுகிறார்களே! நம் ஊர் மரத்தில் இருப்பது என்ன?” என்று கேட்டார் பெரியவர்.

கேள்வி நியாயமானது. பிரெஞ்சுக்காரரே கள்ளைப் ‘பனை ஒயின்’ என்றுதான் சொல்வார்கள். பாளையை நாரால் கட்டி, நசுக்கிப் பதப்படுத்தி, காலையும் மாலையும் நுனியை மெல்லிசாகச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறான் தொழிலாளி. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் விழுவது பதநீர். தடவாவிட்டால் கள். காற்றிலும் பழைய கலயத்திலும் உள்ள நுண்ணுயிர் சொட்டு விழும்போதே வேலையை ஆரம்பித்துவிடுகிறது. காலையில் இனிப்பு, மத்தியானத்தில் நுரை, மறுநாள் புளிப்புக் காடி. அதற்கு நிலவறையும் இல்லை, தக்கையும் இல்லை. போதையும் ஒயினில் பாதிகூட இருக்காது. கடலோர மணல் மரத்துக் கள்ளையும் வயல் வரப்பு மரத்துக் கள்ளையும் வாயில் வைத்தே பிரித்துச் சொல்லும் ஆட்கள் அந்த ஊரில் இருந்தார்கள் என்றார் பெரியவர். ஒரு நாளுக்குமேல் தாங்காத பொருள் ஊரை விட்டு எங்கே போகும்? திணையை விட்டு நகரவே முடியாத மது அது.

சர்க்கார்கள் இதில் கண்டது வருமானம் ஒன்றைத்தான். சென்னை ராஜதானியில் 1886-ல் ஆப்காரிச் சட்டம் வந்தது. பிரெஞ்சு எல்லைக்குள்ளும் கள், சாராயக் குத்தகை உண்டு. பிறகு ராஜாஜி 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார்; 1948-ல் அது ராஜதானி முழுவதும் பரவியது. பிரெஞ்சுக் காரைக்கால், வறண்ட நிலத்தின் நடுவே ஈரத் திட்டாக நின்றது. இரு நாட்டு எல்லை ஒரு வாய்க்காலாகவோ வரப்பாகவோ இருந்தது. தாகம் எடுத்தவனுக்கு வரப்பைத் தாண்ட எவ்வளவு நேரம்?

தமிழ்நாட்டில் 1971-ல் மதுவிலக்கை எடுத்தார்கள். 1974-க்குள் கடைகளை மூடினார்கள். 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. ஆலையில் செய்து புட்டியில் அடைத்த கடும் மதுவைச் சர்க்கார் கடையிலேயே விற்கிறார்கள். புதுச்சேரிப் பிரதேசத்தில் கள்ளுக் கடைக்கு இடம் உண்டு. ஆகவே, ஒரே ஜாதி மரம்; வரப்புக்கு இந்தப் பக்கம் இருந்தால் குற்றம், அந்தப் பக்கம் இருந்தால் தொழில்.

குடிக்குப் பரிந்து பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். தாலிக் கயிறு மட்டும் மிச்சமான பெண்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் திணையும் தெர்ருவாரும் சொல்லி ஆறுதல் தர முடியாது. அவர்கள் வீட்டில் புகுந்த நாசம் பெரும்பாலும் கலயத்தில் வரவில்லை, புட்டியில் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் மனத்தை உறுத்துவது வேறு. நாந்த் பக்கத்தில் கொடி வளர்ப்பவனுக்குப் புட்டியின் மேல் பெயர் போடுகிறார்கள். அவன் மண்ணைச் சட்டம் காக்கிறது. நம் ஊரில் தினம் இரண்டு வேளை உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறவனை ‘மரமேறி’ என்றோம். அதையே வசையாகவும் ஆக்கினோம். பனையைத் தமிழ்நாட்டின் மரம் என்று கொண்டாடுகிறோம். செங்கல் சூளைக்கு வெட்டினோம். வெட்டுவதற்குக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அறிவித்தார்கள். நல்ல காரியம். மரம் பிழைக்கலாம். ஆனால் பாளையின் பதம் புத்தகத்தில் இல்லை. ஏறுகிறவனின் விரலில் இருக்கிறது. அவன் மகன் மரத்தைவிட்டு இறங்கிப் பட்டணத்துக்குப் போய்விட்டான். போகாதே என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அவன் ஏறிய காலத்தில் நாம் அவனை ‘வாருங்கள்’ என்று ஒருநாளும் அழைத்ததில்லையே!